மிதவை கட்டாத படகு

மையானாத் தீவு
19 மார்ச் 2017

அன்புள்ள தெபோரா,

மௌரி, நலமா? உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அதையே சுற்றிச் சுற்றி வருவேன். ஆமாம், கிறிஸ்துமஸுக்கு நீ தைனாவுக்கு அனுப்பிய பேசும் பொம்மை இப்போது உபதேசியார் மிகாயெரே வீட்டில் இருக்கிறது. அவர் மனைவி வந்தாள், பாயில் உட்கார்ந்தாள், தலையைத் தாழ்த்தி, "உங்களைக் கேட்டுக்கறேன்" என்றாள். அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்ட பிறகு நம் தீவில் யார் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்? நீ அந்த ஊருக்குப் போய் இரண்டு வருடம்தான் ஆகிறது. மறந்திருக்க மாட்டாய்.

உன் மகள் அழவில்லை. "அது எப்படியும் பாட்டரி தீர்ந்து திக்கித் திக்கித்தான் பேசிச்சு தாத்தா" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அவள் அழுதிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஏழு வயதுக் குழந்தை எனக்கு ஆறுதல் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே, அவளுக்கு வேண்டிய விளையாட்டுச் சாமான்களை நானே செய்வது என்று முடிவு செய்திருக்கிறேன். நீ சிரிப்பாய். கரும்பலகையில் படகுப் பாயின் முக்கோணத்தை வரைந்து அதன் பரப்பளவைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தவன் நான். ஒரு பாயைக்கூடக் கட்டியதில்லை. ஆனாலும் ஆரம்பித்துவிட்டேன். தென்னங்கீற்றுக் காற்றாடி சுற்றுகிறது. அது யார் செய்தாலும் சுற்றும், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. தாழை ஓலைப் பந்து அவ்வளவு சரியாக வரவில்லை. கொஞ்ச தூரம் உருண்டதும் எதையோ மறந்துவிட்டு வந்தது போல் நின்றுவிடுகிறது. மீன் டப்பாவில் ஒரு லாரி செய்தேன். கரையில் ஒதுங்கிய பழைய செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம். விளிம்பு கிழித்துவிடுமோ என்ற பயத்தில் அரைநாள் கல்லில் தேய்த்தேன். தைனா அதில் மணல் ஏற்றி, "அம்மாவுக்கு" என்று கடல் பக்கம் ஓட்டுகிறாள்.

அடுத்தது படகு. பக்கத்தில் மிதவை வைத்த நம் படகு, முழங்கை நீளத்தில். ஜூலையில் நம் சுதந்திர நாளன்று பிள்ளைகள் விடுவார்களே, அது.

தொலைபேசியில் கூப்பிடச் சொல்கிறாய். செல்போன் கோபுரம் பாதி நாள் வேலை செய்வதில்லை. வேலை செய்யும் நாளிலும் எனக்கு வாய் வருவதில்லை. கடிதம் என்றால் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுத் திருத்தி எழுதலாம். இது திருத்தியது.

உன் அப்பா,
பௌரோ


லாங்ரீச், குவீன்ஸ்லாந்து
9 ஏப்ரல் 2017

அன்புள்ள அப்பா,

கடிதத்தை உணவு இடைவேளையில் படித்தேன். செருப்புச் சக்கரம் வந்ததும் சிரித்துவிட்டேன், "அம்மாவுக்கு" வந்ததும் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இங்கே கடல் இல்லை அப்பா. எந்தப் பக்கம் பார்த்தாலும் சிவப்பு மண். லாரியை அவள் எந்தப் பக்கம் ஓட்டினாலும் எனக்கு வந்து சேராது என்று தோன்றியது.

கோபமும் உண்டு. எனக்குத் தெரிந்து நீங்கள் கொடுத்தவை: அம்மாவின் தையல் இயந்திரம். என் சைக்கிள். கொசுவலைகள். அப்புறம் என் கல்யாணப் பன்றி. கல்யாணத்துக்கு முதல் நாள் யாரோ வந்து கேட்டார்கள் என்று கல்யாணப் பன்றியைக் கொடுத்த தகப்பன் இந்தக் கடலில் வேறு எந்தத் தீவிலாவது இருக்கிறாரா? அன்றைக்கு அம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நல்லவேளை, எவளும் உங்கப்பாவைக் கேக்கல. கேட்டிருந்தா அவரையே குடுத்திருப்பாரு." அம்மா போன பிறகு உங்களைக் கேலி செய்ய ஆளில்லாமல் போய்விட்டது. அந்த வேலையும் என் தலையில்.

நான் பார்த்துக்கொள்ளும் முதியவர்களில் மிஸ்டர் ரெஜ் என்று ஒருவர். ஆடுகளுக்கு ரோமம் வெட்டியவர். குளிக்க மாட்டேன், மாத்திரை மாட்டேன், சூப்பு மாட்டேன் என்று விடிந்ததிலிருந்து அதே பேச்சு. உங்களைப் பற்றிச் சொன்னேன். "ஒரு வார்த்தைதானே, அதைச் சொல்றதுல என்ன கஷ்டம்?" என்றார். உங்களை அவரிடம் படிக்க அனுப்ப வேண்டும். அல்லது அவரை உங்களிடம்.

நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு எண்ணம் வந்தது. யாராவது வந்து பாயில் உட்கார்ந்து தைனாவையே கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சிரித்தேன். அடுத்த போர்வையை மடிக்கும்போது சிரிப்பு போய்விட்டது.

படகு எப்படி வந்தது என்று எழுதுங்கள். விரலை வெட்டிக்கொள்ளாதீர்கள்.

தெபோரா


மையானாத் தீவு
7 மே 2017

அன்புள்ள தெபோரா,

விரலை வெட்டிக்கொண்டேன். ஆறிவிட்டது.

படகு பற்றி ஒழுங்காகச் சொல்கிறேன். முதல் படகு மிதந்தது, காற்றுப் பட்டதும் கவிழ்ந்தது. மிதவை கனம் போதவில்லை. அதைத் திருத்தினேன். நன்றாக ஓடியது. ஓடியதைப் பக்கத்து வீட்டுக் கபூனாரே பார்த்துவிட்டான். மகனுக்காகக் கேட்டான். கொடுத்தேன். இரண்டாவது இன்னும் அழகாக வந்தது, அரிசிச் சாக்கில் பாய். அதைக் கூட்டுறவுக் கடைக்காரர் கேட்டார். இப்படி எழுதும்போதே உன் முகம் எனக்குத் தெரிகிறது.

மூன்றாவதற்கு மிதவையைக் கட்ட உட்கார்ந்தபோது உன் மகள் அதை என் கையிலிருந்து பிடுங்கி இடுப்புத் துணியில் செருகிக்கொண்டாள்.

"இதுக்கு மிதவை கட்டாதீங்க தாத்தா."

"கட்டலன்னா கவுந்துடுமே."

"கட்டினா முடிஞ்சிடும். முடிஞ்சா யாராவது வந்து கேப்பாங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். பாதி முடைந்த பாயையோ, கூரை போடாத வீட்டையோ யாரும் வந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை. இது முன்னோர் வைத்த வழக்கமா, தற்செயலா என்று தெரியாது. நிச்சயமில்லாததை எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் மறுநாளே கபூனாரே வந்து பார்த்தான். இன்னொரு மகன் இருக்கிறானாம். "மிதவை எங்க வாத்தியாரே?" என்றான். இன்னும் கட்டவில்லை என்றேன். "சரி, முடிங்க. அப்புறமா வரேன்" என்று போய்விட்டான்.

தைனா அந்தப் படகை எப்படி விடுகிறாள் தெரியுமா? கரையோரக் கடற்கழியில் இடுப்பளவு நீரில் காற்று வரும் பக்கமாகப் படகோடு கூடவே நடக்கிறாள். மிதவை கட்ட வேண்டிய குச்சிகளின் நுனியில் உள்ளங்கையை லேசாக வைத்துக்கொள்கிறாள். அவள் கைதான் மிதவை.

இப்போது வேறொரு விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் படகைப் பற்றி எழுதினேன் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ரேடியோவில், தீவுகளுக்கான செய்திகளில், என் பெயர் வந்தது. "அரோரேத் தீவு ரூட்டாவிடமிருந்து மையானா பௌரோவுக்கு. சுதந்திர நாளுக்கு வருகிறேன். நுண்பாய் கொண்டு வருகிறேன்." இயோதேபாவின் அத்தை. உன் கணவனைத் தாயில்லாப் பிள்ளையாக வாங்கி வளர்த்தவள். அவன் கப்பலில் போய்த் திரும்பி வராமல் போன பிறகு அவளுக்கென்று யாருமில்லை. மாதக்கணக்கில் முடையும் நுண்பாயை யாரும் சும்மா தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வருவதில்லை. பேத்தியாக வளர்க்கக் கேட்கத்தான் வருகிறாள். ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அதை மரியாதை என்றே நினைக்கிறார்கள்.

கேட்டுக் கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்கக் கூடாது. ஊர்க்கூடத்தில் நம் வீட்டு இடத்தில் உட்காருபவன் நான். என் வாயில் வருவதுதான் நம் வீட்டின் சொல். தெபோரா, எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. தைனாவைத் தலைநகர் தராவாவில் உன் சித்தி மகள் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? அல்லது அந்த நாளில் எனக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். உன் யோசனையைச் சொல்.

அப்பா


லாங்ரீச்
4 ஜூன் 2017

அப்பா,

என் யோசனையைக் கேட்டீர்கள். தைனாவை எங்கேயும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லாமலும் போக வேண்டாம். அந்த அம்மா தராவாவுக்கும் போவார்கள், உங்கள் பாயருகிலும் உட்காருவார்கள்.

நவம்பர் வரை எனக்கு விடுப்பு இல்லை. பெற்றவள் பக்கத்தில் இல்லாத பிள்ளை என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். நான் யாருக்காக இங்கே வந்து முன்பின் தெரியாதவர்களின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருக்கிறேன்? தைனாவை உங்களிடம் விட்டுவிட்டு வந்தபோது, இவர் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தெரியாதவராயிற்றே என்று எல்லோரும் சொன்னார்கள். வைத்துக்கொள்வார் என்று நான் சொன்னேன்.

இல்லை என்று சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை.

(இரண்டு நாள் கழித்து.) மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் உண்டு. ரூட்டா அத்தை கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். இயோதேபா கடைசியாகக் கிளம்பிய அன்று, அவ்வளவு பெரிய ஆள், அத்தை மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். அத்தை இவர் காதைக் குடைந்துகொண்டே, "அங்க போய் எவன் உனக்கு இதெல்லாம் செய்வான்" என்று திட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு முன்னால் இல்லை என்று சொல்லச் சொல்கிறேன். எனக்கே அந்தச் சொல் வருமா என்று தெரியவில்லை.

இதோடு ஒரு பொம்மை வருகிறது. மிஸ்டர் ரெஜின் ஒற்றைக் காலுறை, உள்ளே பழைய துணி, தலைக்குக் கம்பளி நூல். அவருடைய மேல்சட்டைப் பொத்தானில் ஒரு கண். ஒரு கண்தான். காரணம் தைனாவுக்குத் தெரியும்.

தெபோரா


மையானாத் தீவு
16 ஜூலை 2017

அன்புள்ள தெபோரா,

தைனா வீட்டில் இருக்கிறாள். இப்போது என் முதுகில் சாய்ந்து மாம்பழம் தின்கிறாள். எழுத்து ஆடுவதற்குக் காரணம் அதுதான். இதை முதலில் எழுதிவிட்டதால் மற்றதை நீ நிதானமாகப் படிக்கலாம்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் பயிற்சி செய்தேன். விடியற்காலையில் கடற்கழியைப் பார்த்து நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் தைனா பின்னால் வந்து நின்றாள். "யார்கிட்ட தாத்தா இல்ல இல்லன்னு சொல்றீங்க?" மீன்களிடம் என்றேன். "அதான் நம்ம வலையில ஒண்ணும் விழல" என்றாள். சொல்ல வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் மரியாதையான வாக்கியங்களாக எழுதி மடித்து இடுப்புத் துணியில் வைத்துக்கொண்டேன்.

ரூட்டா வந்தாள். கப்பலில் வாந்தி எடுத்து மெலிந்து போயிருந்தாள். இறங்கியதும் தைனாவைத் தூக்கவில்லை, முத்தமிடவில்லை. சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். காது அவனுடையது என்று மட்டும் சொன்னாள்.

சுதந்திர நாளன்று ஊர்க்கூடத்தில் விருந்து. கிழங்கு, மீன், சோறு, தென்னம்பாகு, எல்லாம் முடிந்தது. ரூட்டா எழுந்து வந்து என் முன்னால் அந்தப் பாயை விரித்தாள். மூன்று நிறத் தாழை ஓலை. என் கண்ணுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. ஊரே கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"சம்பந்தி, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. ஒரு பையனை வளர்த்தேன். கடல் எடுத்துக்கிச்சு. அவன் காதோட ஒண்ணு உங்க வீட்டுல இருக்கு. உங்களைக் கேட்டுக்கறேன். எனக்குக் குடுங்க."

காகிதம் இடுப்பில் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. உன்னிடம் மறைத்துப் பயனில்லை: என் வாய்க்குள் அப்போது உருவாகிக்கொண்டிருந்த சொல் 'சரி'. அறுபது வருடப் பழக்கம், நாக்கு தானாகவே அந்தப் பக்கம் போகிறது. அந்த நேரத்தில் கூரைச் சரிவுக்கு வெளியே தைனா நிற்பதைப் பார்த்தேன். ஒரு கையில் மிதவை கட்டாத படகு. இன்னொரு கையில் உன் ஒற்றைக் கண் பொம்மை. உபதேசியாரின் மனைவி அந்தப் பொம்மையைப் பல தடவை பார்த்துவிட்டாள். ஒரு தடவையும் கேட்கவில்லை.

"அவ இன்னும் முடியல" என்றேன்.

மிகாயெரே, "என்னது முடியல வாத்தியாரே?" என்றார்.

"பாதியிலதான் இருக்கா. அவ அம்மா செஞ்சுக்கிட்டிருக்கா. அவ்வளவு தூரத்துலருந்துதான் செய்யறா, ஆனா செஞ்சுக்கிட்டிருக்கா. கவுந்துடாம நான் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு நடக்கறேன், அவ்வளவுதான் என் வேலை. பாதியில இருக்கறதை எப்படிங்க குடுக்கறது?"

என் வாழ்நாளில் ஊர்க்கூடத்தில் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. பிறகு கபூனாரே பின்வரிசையிலிருந்து, "அது நிஜந்தான். வாத்தியார் வீட்டுல எதுவும் முடியறதில்ல. ஒரு படகுக்காக நான் மே மாசத்துலருந்து நடையா நடக்கறேன்" என்றான். கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ரூட்டாவும் சிரிக்கவில்லை. அவள் தன் பாயின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். என்னைக் கோபித்துக்கொள்ளப் போகிறாள், அது நியாயம்தான் என்று காத்திருந்தேன்.

"பாதிப் பாயை வேற ஒருத்தி கையில குடுத்தா இழுப்பு மாறிப்போயிடும்" என்றாள் மெதுவாக. "எவ்வளவு நல்லா முடையறவளா இருந்தாலும் மாறத்தான் செய்யும். அது எனக்குத் தெரியும்." பிறகு தலை நிமிராமலே, "ஆனா வெறுங்கையோட எப்படிப் போறது சம்பந்தி?" என்றாள்.

அதற்கான வாக்கியம் காகிதத்தில் நான் எழுதியிருக்கவில்லை.

பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்பது தைனாவுக்குத் தெரியும். வந்தாள். ரூட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொம்மையை என் மடியில் வைத்தாள். இடுப்புத் துணியிலிருந்து அந்த மிதவையை எடுத்தாள். இத்தனை நாளும் அங்கேயேதான் வைத்திருந்திருக்கிறாள். நார்க் கயிற்றைப் பல்லால் பிரித்துக் கட்ட ஆரம்பித்தாள். ஒரு முடிச்சு அவிழ்ந்தது. யாரும் உதவப் போகவில்லை. மறுபடி கட்டினாள். கூடம் முழுக்கக் காத்திருந்தது.

கட்டி முடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, படகைப் பாயின் மேல் வைத்தாள்.

"இது முடிஞ்சிடுச்சு. இப்பக் கேளுங்க."

ரூட்டா படகைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பெரியவர்களைக் கேட்பது போலவே தலை தாழ்த்தி, "உன்னைக் கேட்டுக்கறேன்" என்றாள்.

"எடுத்துக்குங்க பாட்டி" என்றாள் உன் மகள்.

மறுநாள் காலை கழியில் அதை விட்டார்கள். நான் கரையிலேயே நின்றேன். நான் செய்தது என்பதால் பார்க்கப் பயம். அது யார் கையும் இல்லாமல் நேராக ஓடியது. ரூட்டா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நில்லுடா, நில்லுடா" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் அதன் பின்னால் ஓடினாள். யாரை அப்படிக் கூப்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை.

நுண்பாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தைனா அதில்தான் தூங்குகிறாள். அடுத்த கப்பல் வரை ரூட்டா இங்கேதான். வருடா வருடம் வருவதாகச் சொல்கிறாள். என் ஓலைப் பந்தைப் பார்த்துவிட்டு, இதைச் செய்தவனுக்கு ஓலையின் மேல் என்ன விரோதம் என்று கேட்டாள். பொம்மைக்கு இன்னொரு பொத்தான் தைத்துத் தருகிறேன் என்றும் சொன்னாள். தைனா, "வேணாம்" என்றாள். அவ்வளவு சுலபமாக. எங்கே கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை.

நான் சொன்னது சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ உன் கருத்தை எழுது.

அப்பா


லாங்ரீச்
10 ஆகஸ்ட் 2017

அன்புள்ள அப்பா,

மூன்று தடவை படித்துவிட்டேன். மிஸ்டர் ரெஜுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். படகு ஓடிய இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் சூப்பு கொண்டுபோனேன். "நான் இன்னும் முடியல, எடுத்துக்கிட்டுப் போ" என்றார். நீங்கள் இங்கே ஒரு மாணவரைச் சேர்த்துவிட்டீர்கள்.

கடைசிவரை நீங்கள் இல்லை என்று சொல்லவே இல்லை. கவனித்தேன். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் புதுப் பன்றிக்குட்டி வளர்ப்பதாகத் தைனா எழுதியிருக்கிறாள். நான் வரும் வரைக்கும் யாராவது அதைக் கேட்டால் அந்தக் காகிதம் பயன்படட்டும்.

நீங்கள் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள். நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னீர்கள். இங்கே எந்த நாளும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை அப்பா. விட்டுவிட்டு வந்தவள் என்றுதான் தோன்றியிருக்கிறது. இனி வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன்.

ரூட்டா அத்தையிடம் சொல்லுங்கள்: அடுத்த முறை கப்பலேறும் முன் இஞ்சி மெல்லட்டும்.

நவம்பர் இருபதாம் தேதி விமானம். ஊசியும் நூலும் எடுத்து வைத்துவிட்டேன். பொம்மையின் இன்னொரு கண் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்பமாட்டேன்.

தெபோரா